இணைய வேலையிலிருந்து ஆய்வுக்கு: யாருடைய கேள்வியை எடுத்துப் போகிறோம்?

வெப் டெவலப்பராக ஐந்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள், ஏதோ ஒரு நிறுவனத்துக்காக முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களை இரவு பகலாகப் பராமரித்தவர்கள், புகார் வந்த பதிவுகளைப் பார்த்து நீக்கும் வேலையில் இருந்தவர்கள் என்று நம் வட்டத்துத் தம்பி தங்கைகள் சிலர் இப்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “இந்த இணையக் குழுமங்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்யலாம் என்று பார்க்கிறேன், சரியா வருமா?”

வீட்டில் கேட்டால், கைக்கு வந்த சம்பளத்தை விட்டுவிட்டு உதவித்தொகைக்குக் கை நீட்டப் போகிறாயா என்கிறார்கள். வீட்டுக்கடனும் தங்கையின் படிப்பும் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அந்தக் கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டாலோ, கோட்பாட்டுப் பின்னணி இல்லையே தம்பி என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். இந்த இரண்டாவது பதிலைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

போங்கள் என்பதே நம் பதில். ஆனால் என்ன எடுத்துக்கொண்டு போகிறீர்கள், போன இடத்திலிருந்து யாருக்கு என்ன திருப்பித் தரப் போகிறீர்கள் என்பதைப் பேசாமல் வழியனுப்பி வைக்க முடியாது. இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவைச் சேர்ந்த சாரா டி. ராபர்ட்ஸ் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் தகவல் தொழில்நுட்ப வேலையில் இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே இணையத்தில் புழங்கியவர். பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். 2010 கோடையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. ஐயோவா மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள், பிற இணையதளங்களில் மக்கள் ஏற்றும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கொடூரமானவற்றை நீக்குகிறார்கள் என்பது செய்தி. அத்தனை ஆண்டுகள் இணையத்துக்குள்ளேயே வாழ்ந்த தமக்கே இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவர் திகைத்தார். தம் பேராசிரியர்களிடமும் சக மாணவர்களிடமும் கேட்டார். முதலில், கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அடுத்து, அதையெல்லாம் கம்ப்யூட்டர்தானே செய்கிறது என்றார்கள்.

இந்த இரண்டாவது பதிலைச் சற்று நின்று கவனியுங்கள். இணையத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். ஆனாலும் குப்பை அள்ளும் வேலையை ஒரு மனிதர் செய்கிறார் என்பது அவர்கள் மனதில் தோன்றவில்லை. தெரு சுத்தமாக இருந்தால் அது தானாகவே சுத்தமாக இருக்கிறது என்று நினைக்கிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன? விடிவதற்கு முன்பே யார் வந்து கூட்டிவிட்டுப் போனார்கள் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை.

ராபர்ட்ஸ் கேட்டார். தகவல் தொழில்நுட்ப வேலையில் இருந்தவர் என்பதால், கம்ப்யூட்டர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. ஒரு படத்தில் இருப்பது மருத்துவப் படமா வன்கொடுமையா என்று அன்றைய நிரல் எதுவும் உறுதியாகச் சொல்லாது என்பதும் தெரியும். எனவே எங்கோ ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்து அவர்களைத் தேடிப் போனார். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த ஊழியர்களாக இருந்த இளம் பட்டதாரிகளிடம் பேசினார். பிலிப்பைன்ஸின் மணிலா வரை போனார். வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால், நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுத முடிந்தது. அந்த உழைப்புக்கு “வணிக உள்ளடக்க மட்டுறுத்தல்” என்ற பொருளில் ஒரு பெயரையும் அவரே வைத்தார். பெயர் இல்லாத வேலைக்குச் சங்கமும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை என்பதால் இந்தப் பெயர் சூட்டலைச் சின்ன விஷயமாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய “பிஹைண்ட் தி ஸ்க்ரீன்” நூல் 2019இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் இந்த வேலையைச் செய்து மனநலம் கெட்டவர்கள் தொடுத்த வழக்கில் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நூலால்தான் வழக்கு வென்றது என்று நாம் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலை கண்ணுக்குத் தெரியும் வேலையானதில் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான். அதே வேலையை அதே காலத்தில் ஹைதராபாத்தில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு அந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

இணையக் குழுமங்களின் வரலாற்றை உழைப்பின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு பழைய கணக்கும் கிடைக்கும். தொண்ணூறுகளில் ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டை அறைகளையும் பலகைகளையும் பார்த்துக்கொண்டவர்கள் தன்னார்வலர்கள். உச்சத்தில் சுமார் 14,000 பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது இலவச இணைப்பு மட்டும். வேலை நேரமும் அறிக்கையும் பயிற்சியும் எல்லாம் உண்டு, கூலி மட்டும் கிடையாது. 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் இருவர், இது தன்னார்வம் அல்ல, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு உட்பட்ட வேலை என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். பத்தாண்டு இழுத்தடிப்புக்குப் பிறகு 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. “சேவை” என்ற சொல்லை வைத்துக்கொண்டு கூலியை அமுக்குவது எந்த ஊரிலும் நடக்கும் போலிருக்கிறது.

சரி, உள்ளே வேலை பார்த்தவருக்குத் தெரிகிறது, வெளியிலிருந்து ஆராய்ந்தவருக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் ஏன் வேலை பார்த்தவரின் அறிவு அறிவாகவே எண்ணப்படுவதில்லை?

கோபால் குரு 2002இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் எழுதிய கட்டுரையைச் சமூகவியல் மாணவர்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். இந்தியச் சமூக அறிவியலுக்குள்ளேயே ஒரு வருணப் பிரிவு இருக்கிறது என்று காட்டினார் அவர். கோட்பாடு எழுதுவது ஒரு கூட்டத்தின் பரம்பரை உரிமை, அனுபவத்தையும் தரவையும் சுமந்து வந்து கொட்டுவது இன்னொரு கூட்டத்தின் கடமை. நம்மில் களப்பணி செய்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு சேரிக்குள் போவது நாம். மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் நாம். நூல் வரும்போது முன்னுரையின் கடைசிப் பத்தியில் “உதவியவர்கள்” பட்டியலில் நம் பெயர் எழுத்துப் பிழையோடு வரும். அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. சாதியை அனுபவித்த ஒருவர் சாட்சி சொல்ல அங்கே போகவில்லை. அதுவரை எழுதப்பட்டிருந்த கோட்பாடுகளைத் திருத்தப் போனார்.

இணையத்திலும் இதே பிரிவினைதான். குழுமத்தைக் கட்டி, பராமரித்து, சண்டையை விலக்கி, இரண்டு மணிக்கு எழுந்து ஆபாசப் படத்தை நீக்கியவர் “தரவு தருபவர்”. அந்தத் தரவை ஒரே இரவில் தரவிறக்கி வரைபடம் போட்டவர் “ஆய்வாளர்”. வலை வேலை செய்தவர் ஆய்வுக்கு வரும்போது இந்தக் கோடு கொஞ்சம் அழிகிறது. அழிய வேண்டும் என்றுதான் நாம் அவர்களைப் போகச் சொல்கிறோம்.

ஆனால் போனவர்கள் எல்லோரும் கோட்டை அழிக்கிறார்களா? இல்லை. பலர் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றுகொள்கிறார்கள். இதற்காகத்தான் ஜே. நேதன் மத்தியாஸின் பாதையை இன்னும் நிதானமாகப் பார்க்கச் சொல்கிறோம். அவர் லண்டனில் ஸ்விஃப்ட்கீ போன்ற தொடக்க நிறுவனங்களில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு எம்ஐடிக்கு ஆய்வு மாணவராகப் போனவர். 2015 ஜூலையில் ரெடிட் தளத்தில் ஒரு வேலைநிறுத்தம் போன்ற போராட்டம் நடந்தது. பிரபலங்களோடு கேள்வி-பதில் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்து வந்த ஊழியர் ஒருவரை நிறுவனம் திடீரென்று வேலையைவிட்டு நீக்கியது. அவரை நம்பியிருந்த தன்னார்வ மாடரேட்டர்கள் தங்கள் குழுமங்களைப் பூட்டிவிட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழுமங்கள் இருண்டன. யார் பூட்டினார்கள், யார் பூட்டவில்லை, ஏன் என்பதை மத்தியாஸ் ஆராய்ந்தார். எண்களோடு நிறுத்தாமல் மாடரேட்டர்களிடமும் பேசினார். நிறுவனத்தின் பார்வையில் அவர்கள் சம்பளமில்லாத ஆள்கள், உறுப்பினர்களின் பார்வையில் அதிகாரம் செய்கிறவர்கள், தங்கள் பார்வையில் பொதுக்காரியம் செய்கிறவர்கள். மூன்று பக்கமும் பதில் சொல்லியாக வேண்டிய நிலை அது. ஊர்ப்புற சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்த அக்காக்களிடம் கேட்டால், இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். அறிவியல் செய்திகளை விவாதிக்கும் ஒரு ரெடிட் குழுமம், அன்றைக்கு 1.3 கோடி உறுப்பினர்கள் கொண்டது. அங்கே மாடரேட்டர்களுக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம் இருந்தது. விதிகளை ஒவ்வொரு விவாதத்தின் தலையிலும் ஒட்டி வைத்தால் புதியவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்களா, ஒழுங்காக நடந்துகொள்வார்களா? மத்தியாஸ் அவர்களோடு சேர்ந்து ஒரு சோதனையை வடிவமைத்தார். 2,190 விவாதங்களில், குலுக்கல் முறையில் சிலவற்றில் மட்டும் விதிகளைத் தலைப்பில் ஒட்டினார்கள். விதி தெரிந்த இடத்தில், புதியவர்கள் விதிப்படி நடப்பது 8 சதவீதப் புள்ளிக்கும் மேல் கூடியது. அதைவிட ஆச்சரியம், புதியவர்கள் பங்கேற்பது சராசரியாக 70 சதவீதம் கூடியது. இங்கே வசைபாடினால் நீக்குவார்கள் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத்தான், இதுவரை ஒதுங்கி நின்றவர்கள் வாய் திறந்திருக்கிறார்கள். விதி வைத்தால் கருத்துச் சுதந்திரம் போய்விடும் என்று வாதிடுகிறவர்களிடம் காட்ட நம் கையில் இருக்கும் நல்ல எண் இது. யாருடைய சுதந்திரம் என்று கேட்டால் பதில் அந்த 70இல் இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனை குழுமங்களில் வெறும் பார்வையாளர்களாக மட்டும் இருந்துவிட்டு வெளியேறுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்தானே.

இன்னொரு குழுமத்தில், உலகச் செய்திகளுக்கானது, மாடரேட்டர்களின் பயம் வேறு. நம்பகமில்லாத செய்தியின் கீழே ‘இதைச் சரிபாருங்கள்’ என்று எழுதினால் மக்கள் அங்கே கூடி விவாதிப்பார்கள், கூட்டத்தைப் பார்த்து அல்காரிதம் அந்தச் செய்தியையே மேலே தூக்கிவிடுமோ? நியாயமான பயம். சோதித்துப் பார்த்தபோது நடந்தது எதிர்மாறு. சரிபார்க்கச் சொன்ன செய்திகள் வரிசையில் கீழே இறங்கின. முடிவைவிட, கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். குழுமத்தைக் காப்பவர்களின் தலைவலியிலிருந்து வந்தது. அவர்கள் சம்மதித்தார்கள். முடிவுகள் முதலில் அவர்களிடமே போயின. முதல் சோதனை 2019இல் பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் வெளியானது. மத்தியாஸ் இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஒரு ஆய்வகம் நடத்துகிறார்.

இதே பிஎன்ஏஎஸ் இதழ், இதே கார்னெல் பல்கலைக்கழகம் 2014இல் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டன. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் ஃபேஸ்புக் பக்கத்தில் வரும் மகிழ்ச்சியான, சோகமான பதிவுகளைக் கூட்டிக் குறைத்து, அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று சோதித்தார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. தரவு ஏற்கெனவே நிறுவனம் எடுத்துவிட்டது, எனவே எங்கள் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டியதில்லை என்றது பல்கலைக்கழகம். கவலை தெரிவித்து ஒரு குறிப்பு வெளியிட்டது இதழ். அதோடு முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தால், 2025 ஏப்ரலில் ஸூரிக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களின் காரியம் வெளியே வந்தது. கருத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் விவாதிக்கும் ஒரு ரெடிட் குழுமம் அது. அங்கே சில மாதங்களாகச் செயற்கை நுண்ணறிவு எழுதிய 1,700க்கும் மேற்பட்ட கருத்துகளை, மனிதர்கள் எழுதியது போலவே பதிவிட்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. இயந்திரம் எழுதியதை அறிவிக்காமல் போடக் கூடாது என்பது அந்தக் குழுமத்தின் விதி. அந்தப் போலிக் கணக்குகள் போட்ட வேடங்களைக் கேளுங்கள்: பாலியல் வன்கொடுமையிலிருந்து மீண்டவர், கறுப்பின உயிர்களும் முக்கியம் இயக்கத்தை எதிர்க்கும் கறுப்பின ஆண், மன அதிர்ச்சிக்கு ஆலோசனை தருபவர். எதிரே பேசுகிறவரின் பழைய பதிவுகளை மேய்ந்து, அவர் ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன இனம், என்ன அரசியல் என்று ஊகித்து, அதற்கேற்ப வாதத்தைத் தைத்துக் கொடுத்தது இயந்திரம். மாடரேட்டர்கள் புகார் செய்தார்கள். ஆய்வை வெளியிடப் போவதில்லை என்று பிறகு அறிவிக்கப்பட்டது, பல்கலைக்கழகம் எச்சரிக்கை கொடுத்தது.

தன் இயக்கத்தையே எதிர்க்கும் கறுப்பினத்தவர் என்ற வேடத்தைப் படித்ததும் நமக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. “நானும் எஸ்சிதான், ஆனால் இடஒதுக்கீடு வேண்டாம் என்பேன்” என்று எழுதும் முகமில்லாத கணக்குகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஒடுக்கப்பட்டவரின் தோலைப் போர்த்திக்கொண்டு வாதம் செய்தால் அது எடுபடும் என்று ட்ரோலுக்கும் தெரிந்திருக்கிறது, ஆய்வாளருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், ஆய்வாளருக்கு நெறிமுறைக் குழுவின் எண் கிடைக்கிறது.

இப்போது நம் இடத்துக்கு வருவோம். சிலிக்கான் பள்ளத்தாக்கில் “கம்யூனிட்டி” என்றால் பயனர் கூட்டம். நம் தாலுகா ஆபீஸில் “கம்யூனிட்டி சர்டிபிகேட்” என்றால் சாதிச் சான்றிதழ். கல்யாண விளம்பரத்தில் “நம் சமூகம்” என்றாலும் அதுவே. ஆங்கில ஆய்வுநூல்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த ஒரு சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். இங்கே ஓர் இணையக் குழுமம் உருவாகும்போது பாதி நேரம் அது அந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் உருவாகிறது. ஊர்ப்பெயர் வாட்ஸ்அப் குழுவை ஒருநாள் திறந்து பாருங்கள், ஊர்ப்பெயர்தான் இருக்கும், ஊரில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். சேரி இருக்காது.

இதை எப்படி அளப்பார்கள்? இந்தியாவைப் பற்றிய தரவு ஆய்வுகளில் சாதியைக் கண்டுபிடிக்கப் பெயருக்குப் பின்னால் வரும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள்வது ஒரு வழக்கம். தமிழ்நாட்டில் அந்த வித்தை பலிக்காது. நாம் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தைத்தான் போடுகிறோம். சாதிப் பெயரைத் துறந்தது சுயமரியாதை இயக்கம் கொடுத்த கொடை. துறந்த பெயர் வேறு வழியில் திரும்பி வந்ததுதான் இணையத்தின் கதை. ரீல்ஸில் கையில் கட்டிய கயிற்றின் நிறம், பின்னணியில் ஓடும் பாட்டு, “ஆண்ட பரம்பரை” என்ற இரண்டு சொல், கொடியின் இரண்டு வண்ணத்தை மட்டும் காட்டும் இதய எமோஜிகள், ஒரு குறிப்பிட்ட தலைவரின் குருபூசை நாளில் மாறும் முகப்புப் படம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளிகளில் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. பள்ளியில் கழற்றி வைத்த கயிறு மாலையில் ரீல்ஸில் கட்டப்படுவதை எந்த வெளிநாட்டு வடிகட்டியும் பிடிக்காது. அதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லையே!

ஆனால் தென்மாவட்டத்தில் ஒரு சினிமாப் பக்கத்தையோ கல்லூரிப் பக்கத்தையோ இரண்டு ஆண்டுகள் பராமரித்த நம் பையனுக்குத் தெரியும், எந்த எமோஜி வந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் கருத்துப்பெட்டியை மூட வேண்டும் என்று. அந்த அறிவை அவன் அறிவு என்றே நினைப்பதில்லை, “வேலைப் பழக்கம்” என்கிறான். ஆய்வுக்கு எடுத்துப் போகச் சொல்வது அதைத்தான். வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பல்கலைக்கழகம் கொடுக்கும், இதைக் கொடுக்காது.

கூடவே எச்சரிக்கையும் உண்டு. நகரத்தில் வீடு கிடைப்பதற்காக, அலுவலகத்தில் நிம்மதியாக இருப்பதற்காகச் சாதியைச் சொல்லாமல் வாழும் நம்மவர்கள் மனம் விட்டுப் பேசும் மூடிய குழுக்கள் இருக்கின்றன. அங்கே ஒருவர் எழுதியதைப் பெயரை நீக்கிவிட்டு அப்படியே மேற்கோளாகப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த வாக்கியத்தைத் தேடுபொறியில் போட்டால் ஆள் கிடைத்துவிடலாம். ஊர், துறை, வேலையில் சேர்ந்த ஆண்டு மூன்றும் சேர்ந்தாலே சக ஊழியருக்கு யார் என்று தெரிந்துவிடும். நெறிமுறைக் குழுவின் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இருக்காது. அந்தக் குழுவில் இருப்பவர்களிடம் எழுதியதைக் காட்டி, இதில் உன்னை யாராவது அடையாளம் காண்பார்களா என்று கேட்பதைத் தவிர வேறு பாதுகாப்பு நமக்குத் தெரியவில்லை. நீங்களும் அந்தக் குழுவின் உறுப்பினர்தான் என்றால், ஆய்வு தொடங்கும் நாளில் அதைச் சொல்லிவிட வேண்டும். நேற்றுவரை அண்ணனாக இருந்தவர் இன்று குறிப்பெடுக்கிறார் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளும் உரிமை உள்ளவர்கள்.

நடைமுறைக்கு வருவோம், இதைக் கேட்கத்தான் பலர் வந்தீர்கள். பொறியியல் படித்தவர் சமூக அறிவியலுக்குப் போக முடியாது என்ற பழைய பேச்சு இப்போது முழுக்க உண்மையில்லை. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால், படித்த துறை எதுவானாலும், முனைவர் பட்டத்துக்கு விரும்பும் பாடத்தில் நெட் எழுதலாம் என்று யூஜிசி 2024இல் அறிவித்தது. பட்டியலினத்தவருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. முதுகலை முடித்தவர்களுக்கு 55க்குப் பதில் 50. ஜேஆர்எஃப் வயது வரம்பு பொதுவாக 30, நமக்கும் பெண்களுக்கும் 35. உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். வேலையை விட முடியாதவர்களுக்கு 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன, ஆனால் நிறுவனத்திடம் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்க வேண்டும். தன் தளத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்ய எந்த மேனேஜர் அந்தச் சான்றைக் கொடுப்பார் என்பது வேறு கதை. முழுநேர ஆய்வு செய்யும் பட்டியலின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையும் இருக்கிறது.

காகிதத்தில் இருக்கும் தொகை கையில் வருவது வேறு. ரோஹித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில் அவருக்கு வர வேண்டியிருந்த ஏழு மாத உதவித்தொகைக் கணக்கும் இருந்தது, 1.75 லட்சம். எனவே சேமிப்பில் குறைந்தது எட்டு மாதச் செலவுக்கு இல்லாமல் ராஜினாமாக் கடிதத்தை நீட்டாதீர்கள். நாம் உணர்ச்சிவசப்பட்டு யாரையும் தள்ளிவிட விரும்பவில்லை.

இன்னொன்று, அவசரம். தளங்கள் கதவை மூடிக்கொண்டிருக்கின்றன. ட்விட்டர் ஆய்வாளர்களுக்குக் கொடுத்த இலவசத் தரவு வழியை 2023இல் அடைத்தது. அதே ஆண்டு ரெடிட் கட்டணம் விதித்தது, எதிர்த்து ஜூனில் ஆயிரக்கணக்கான குழுமங்கள் மீண்டும் இருண்டன. ஃபேஸ்புக் பக்கங்களைப் பின்தொடர ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் பயன்படுத்திய கிரௌடேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தியது. ஐரோப்பாவில் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, தகுதி பெற்ற ஆய்வாளர்கள் தரவு கேட்கலாம், பெரிய தளங்கள் கொடுத்தாக வேண்டும். இங்கே அப்படி ஓர் உரிமை இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்குத் தருகிறது, தரவைத் தரச் சொல்லி எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆக, வெளியிலிருந்து தரவிறக்கி ஆராயும் காலம் சுருங்குகிறது. உள்ளே இருந்தவர்களின் நினைவும் குறிப்பும் உறவும்தான் மிச்சம்.

ஆகவே இப்போது வேலையில் இருப்பவர்கள் இன்றிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். நிறுவனத்தின் ரகசியத்தையோ எந்தப் பயனரின் பெயரையோ அதில் எழுதாதீர்கள், வேலையும் போகும், அவரும் மாட்டுவார். என்ன வகைப் பதிவு வந்தது, விதி என்ன சொன்னது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், அன்று இரவு தூக்கம் வந்ததா என்று தேதி போட்டு நான்கு வரி போதும். ஒரு வருடத்து நோட்டிலிருந்து ஒரு ஆய்வுக் கேள்வி எழுந்து வரும். அதை இரண்டு பக்கத்தில், தமிழிலேயே, எழுதி அனுப்புங்கள். புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர், சட்டம் படித்தவர் ஒருவர், களப்பணியில் இருக்கும் நாங்கள் சிலர் வாசித்துக் கருத்துச் சொல்லத் தயாராக இருக்கிறோம். ஆங்கிலத்தில் மாற்றுவதைப் பிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.